சிறிய பாத்திரத்தின் நியாயம்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஆரிகன் மாநிலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். மாதம் ஒருமுறை புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று கூடும் கூட்டம் அது. பேச்சு முடிந்து, சாப்பாட்டுக்கு முன்பாக, நாங்கள் வீட்டிலேயே தயாரித்த பீரைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தோம். விருந்தினராக வந்திருந்த ஒருவர் பல ஆண்டுகளாக வீட்டில் பீர் தயாரிப்பவர். அவர் ஒரு மிடறு பருகினார். கோப்பையை விளக்கொளிக்கு நேராக உயர்த்திப் பார்த்தார். இன்னொரு மிடறு பருகினார். "நன்றாக வந்திருக்கிறதே! என்ன தானியக் கலவை?" என்று கேட்டார்.

எங்களுள் அன்றைய பீரைத் தயாரித்தவர் சற்றுக் கூச்ச சுபாவம் உள்ளவர். "தானியம் அதிகமில்லை சார். மால்ட் எக்ஸ்ட்ராக்ட்தான். எங்கள் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறாது" என்றார்.

விருந்தினர் புன்னகைத்தார். "ஓ, அப்படியா! இன்ஸ்டன்ட் காப்பி மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை மேசைமீது வைத்தார். அதில் பாதி மிச்சமிருந்தது. அதை அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஒரு நிமிடத்துக்கு முன்பு நன்றாக இருந்த பீர், ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எப்படி நன்றாக இல்லாமல் போனது? கோப்பைக்குள் எதுவும் மாறவில்லை. மாறியது, அது எந்த வழியாக வந்தது என்பதைப் பற்றிய அறிதல் மட்டுமே. எழுத்திலும் இசையிலும் சமையலிலும் நாம் அடிக்கடி காணும் ஒரு மனப்பான்மை இது. பீரை முன்வைத்து அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

*

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் சில விளக்கங்கள்.

வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டவிட்டு, முளை நீள்வதற்கு முன் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சிய நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது, செயல் தெரியும். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. மால்டை உடைத்து, 65 முதல் 68 டிகிரி வரையிலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். வடிகட்டிய அந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்கொத்துகளைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால் பீர்.

தானியத்தில் தொடங்கி எல்லாவற்றையும் தாமே செய்பவர்கள் ஒரு வகை. வோர்ட் வரையிலான வேலையை ஆலையிடம் விட்டுவிடுபவர்கள் இன்னொரு வகை. ஆலையில் வோர்ட்டைத் தயாரித்து, வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்பத்தில் நீரை ஆவியாக்கினால் தேன்போல் கெட்டியான பாகு கிடைக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு திடப்பொருள். மேலும் உலர்த்தினால் பொடியாகிறது. இவ்விரண்டும்தான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். தமிழ் வீடுகளுக்கு இது அந்நியமான பொருளும் அன்று. 1883-இல் ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சத்துமாவுக்கும் இதே மால்ட் சாறுதான் அடிப்படை. அதில் பாலும் கோதுமையும் சேர்ந்துகொண்டன, அவ்வளவே. எங்கள் நண்பர் ஒருவர் முதன்முதலாக மால்ட் பாகு டப்பாவைத் திறந்தபோது, சிறுவயதில் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன என்றார்.

இனி இன்ஸ்டன்ட் காப்பி என்ற உவமைக்கு வருவோம். இன்ஸ்டன்ட் காப்பியில் வெந்நீர் ஊற்றுவதோடு வேலை முடிகிறது. குடிப்பவர் தயாரிப்பாளர் அல்லர். மால்ட் பாகு டப்பாவைத் திறந்தவருக்கோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது. எந்த ஹாப்ஸை எவ்வளவு, எப்போது போடுவது? எந்த ஈஸ்ட்? எந்த வெப்பத்தில் எத்தனை நாள்? எப்போது புட்டியில் அடைப்பது? மனிதர் தயாரிப்பது வோர்ட்டை மட்டுமே. அதைப் பீராக்குவது ஈஸ்ட். அந்த ஈஸ்ட்டைப் பராமரிப்பதில் ஆலைக்குப் பங்கில்லை. மில்லில் அரைத்து வாங்கிய மாவில் சுட்ட முறுக்கை யாரும் வீட்டு முறுக்கல்ல என்று சொல்வதில்லை. உரலில் இடித்தால்தான் முறுக்கு என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் வீட்டில் உரலை இழுத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

*

ஏன் பாகு, ஏன் சிறிய பாத்திரம் என்பதற்குக் காரணம் சோம்பல் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் எளிய இயற்பியல்.

அமெரிக்காவில் வீட்டுத் தயாரிப்பின் வழக்கமான அளவு 5 காலன். ஏறத்தாழ 19 லிட்டர். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவதையும் கணக்கிட்டால், தொடக்கத்தில் 23 முதல் 25 லிட்டர் வரை அடுப்பில் ஏற்ற வேண்டும். வாடகைக் குடியிருப்பின் மின்சார அடுப்பில் பெரிய சுருள் 2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரியில் உள்ள 25 லிட்டர் நீரை அது கொதிநிலைக்குக் கொண்டுவர, வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும் 1 மணி 15 நிமிடம் ஆகும். உண்மையில் பாத்திரத்தின் பக்கங்களிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே தளதளவென்ற கொதியை அந்த அடுப்பில் நிலைநிறுத்தவே முடியாது. அதே அடுப்பில் 8 லிட்டர் 24 நிமிடக் கணக்கில் கொதித்துவிடும். எரிவாயு அடுப்பை வெளியே வைத்துக்கொள்ளத் தோட்டம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குத் தேவைப்படாது. மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்குத் தேவை.

ஆகவே சிறிய பாத்திரத்தில் அடர்த்தியான வோர்ட்டைக் கொதிக்கவைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 19 லிட்டராக்கும் முறை. கேட்பதற்கு எளிது. எங்கள் முதல் முயற்சி எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

12 லிட்டர் கொள்ளும் சாம்பார்ப் பாத்திரத்தில் 8 லிட்டர் தண்ணீர். கொதித்ததும், அடுப்பை அணைக்காமலே 3.2 கிலோ பாகையும் கவிழ்த்தோம். பாகு அடியில் போய்ப் படிந்து பிடித்துக்கொண்டது. கிளறிக்கொண்டிருக்கும்போதே நுரை பொங்கி வழிந்து அடுப்புச் சுருளில் கருகி, வீடெங்கும் புகை. புகை எச்சரிக்கை மணி அலற, பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். மூன்று வாரங்களுக்குப் பிறகு ஊற்றியபோது, பொன்னிறமாக இருந்திருக்க வேண்டிய பீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. கசப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மழுங்கிய இனிப்பு. அதைக் குடித்து முடித்தோம் என்பதை நட்பின் வலிமைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

தவறு எங்கே என்று தேடியபோதுதான் சிறிய பாத்திரம் எங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. 19 லிட்டரில் 1.050 ஒப்படர்த்தி தர வேண்டிய பாகு முழுவதும் 8 லிட்டருக்குள் இருக்கும்போது, அதன் ஒப்படர்த்தி 1.120-ஐ எட்டுகிறது. அத்தனை அடர்ந்த சர்க்கரையும் புரதமும் ஒரு மணி நேரம் கொதித்தால் நிறம் கறுக்கும். தோசை சிவப்பதும் ரொட்டியின் மேற்தோல் பொன்னிறமாவதும் எந்த வினையால் நிகழ்கின்றனவோ அதே மெய்யார் வினைதான் இங்கும். ஹாப்ஸின் கசப்பும் அத்தகைய அடர்ந்த வோர்ட்டில் குறைவாகவே இறங்குகிறது. இறங்கியதும் தண்ணீர் சேர்த்தபின் நீர்த்துப் போகிறது.

தீர்வு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. பாகில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். அப்போது பாத்திரத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.040. ஹாப்ஸ் அதில் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். மிச்சப் பாகை, கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்க வேண்டும். பாகு ஆலையிலேயே வோர்ட்டாகத் தயாரிக்கப்பட்டு வந்தது. அதற்கு நீண்ட கொதி வேண்டியதில்லை. நீண்ட கொதி வேண்டியது ஹாப்ஸுக்கு. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிநிலையில் நீண்ட நேரம் இருந்தால்தான் உருமாறி, கரைந்து, கசப்பாகின்றன. எது எதற்காகக் கொதிக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்ததே நாங்கள் செய்த பிழை.

இன்னொரு பாடம், குளிர்வித்தல். 19 லிட்டர் கொதிநீரை விரைவாக ஆறவைக்கச் செப்புக்குழாய்ச் சுருள் வேண்டும். ஆறத் தாமதமானால் கிருமிகள் குடியேறும். சிறிய பாத்திரக்காரர்களுக்கு இது தேவையில்லை. முந்தின நாளே 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். தொட்டியில் பனிக்கட்டி நிரப்பி, பாத்திரத்தை அதில் இறக்கினால் அரைமணியில் 40 டிகிரிக்கு வந்துவிடும். 40 டிகிரியில் 8 லிட்டர், 5 டிகிரியில் 11 லிட்டர். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 20 டிகிரி. ஈஸ்ட்டுக்கு உகந்த வெப்பம் அது. குறை என்று நினைத்தது வசதியாக மாறிய அந்தக் கணம், பதினொன்றாம் வகுப்பில் படித்த வெப்பக் கணக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உதவிய கணமும்கூட.

பிறகு நடப்பவை பொறுமையின் பகுதி. பால்காரரிடம் இருக்கும் லாக்டோமீட்டருக்கு உறவுக்காரரான ஹைட்ரோமீட்டர், முதல் நாள் 1.050 காட்டும். இரண்டு வாரங்களில் 1.012-க்கு இறங்கும், அதாவது ஆல்கஹால் 5 சதவீதம். அந்த எண் சில நாட்கள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்பே 120 கிராம் அளவுக்குச் சோளச் சர்க்கரை கலந்து புட்டிகளில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் புட்டி வெடிக்கும்.

*

இவ்வளவையும் சமையல் குறிப்பாக எழுதவில்லை. பாத்திரத்தின் அளவு என்பது வெறும் பாத்திரத்தின் அளவு அல்ல என்பதைச் சொல்வதற்காகவே எழுதுகிறோம்.

இடைக்கால இங்கிலாந்தில் பீர் தயாரிப்பு பெரிதும் பெண்களின் கையில் இருந்தது. ஹாப்ஸ் சேராத 'ஏல்' என்ற பானம் அது. சில நாட்களிலேயே புளித்துக் கெட்டுவிடும். ஆகவே பெரிய அளவில் தயாரித்து வைப்பதில் பயனில்லை. வீட்டு அடுப்பில், வீட்டுப் பாத்திரத்தில் தயாரித்து, குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். திருமணமானவர்கள், விதவைகள், தனித்து வாழ்ந்தவர்கள் எனப் பலருக்கும் அது ஒரு வருமானம். பின்னர் ஐரோப்பியத் தாழ்நிலப் பகுதிகளிலிருந்து ஹாப்ஸ் சேர்த்த பீர் வந்து பரவியது. ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காத்தது. கெடாத பொருளை மிகுதியாகத் தயாரிக்கலாம், தூரத்துக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கு நீண்ட கொதி வேண்டும். கொதிக்கு விறகு வேண்டும். பெரிய செப்புக் கொப்பரை வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். கடனும் சொத்தும் தொழிற்சங்க உறுப்புரிமையும் ஆண்களுக்கே எளிதாகக் கிட்டிய சமூகத்தில், 1300-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தொழில் மெல்ல மெல்லப் பெண்களின் கையைவிட்டுப் போனது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996-இல் வெளியிட்ட நூலில் இதை ஊர் ஊராக, ஆவணம் ஆவணமாகக் காட்டியிருக்கிறார். ஹாப்ஸ் மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் பெரிதாகும்போது அதன் அருகில் நிற்க அனுமதிக்கப்படுபவர்களின் எண்ணிக்கை சிறிதாகிறது என்ற உண்மையை அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டமும் வீட்டுப் பாத்திரத்தின் பக்கம் நின்றதில்லை. பிரிட்டனில் 1880-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் கேட்டது. 1963-இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்குக் காலத்தில், பீர் ஆலைகள் சில பிழைத்துக்கிடந்ததே மால்ட் பாகு விற்றுத்தான். ரொட்டி சுடுவதற்கு என்று டப்பாவில் எழுதியிருக்கும். நாட்டில் அவ்வளவு ரொட்டி சுடப்படவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மதுவிலக்கு நீங்கிய பின்னும் வீட்டில் திராட்சை மது தயாரிக்கச் சட்டத்தில் வழியிருந்தது, பீருக்கு இல்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 1979 பிப்ரவரி முதல் அந்தத் தடையை நீக்கியது. வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், விற்பனைக்கு அல்ல. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் தங்கள் மாநிலச் சட்டத்தில் இதை ஏற்றன.

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் இயங்கிய பீர் ஆலைகள் 100-க்கும் குறைவு. இன்று 9,000-க்கும் அதிகம். அவற்றைத் தொடங்கியவர்களில் கணிசமானோர் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவர்கள். சியாரா நெவாடா ஆலையை நிறுவிய கென் கிராஸ்மன், அதற்குமுன் 1976-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டுத் தயாரிப்புப் பொருட்களுக்கான கடை வைத்திருந்தவர். 1978-க்குப் பிந்தைய தலைமுறைக்குப் பாடநூலாக விளங்கிய சார்லி பப்பாஸியனின் நூல், 1984-இல் வந்தது. அது தொடக்கநிலையாளர்களை அழைத்துச் சென்றது மால்ட் பாகின் வழியாகத்தான். இன்று தானியத்திலிருந்து தொடங்குவதில் பெருமிதம் கொள்ளும் பலரும் அந்தச் சிறிய வாசல் வழியாகக் குனிந்து நுழைந்தவர்களே. உள்ளே வந்தபின் வாசலின் உயரத்தைப் பழிக்கிறார்கள்.

இதில் ஒரு நகைமுரண் இருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கொப்பரை பெரிதானபோது தொழிலை வீட்டிலிருந்து எடுத்துச் சென்றது முதலீடு. அதை மறுபடி சமையலறைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் ஆலையில் தயாரான ஒரு டப்பாதான். கைவினைக்கும் ஆலைக்கும் இடையே நாம் மனத்தில் போட்டுவைத்திருக்கும் கோடு அவ்வளவு நேரானதல்ல.

*

எதிர்த்தரப்பின் நியாயங்களை மறைப்பது நேர்மையாகாது. மால்ட் பாகுக்கு எல்லைகள் உண்டு. ஊறவைக்கும் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்து, பீர் உலர்வாக இருக்க வேண்டுமா, திண்மையாக இருக்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை தானியக்காரருக்கு உண்டு. பாகுக்காரருக்கு அந்த முடிவை ஆலை ஏற்கெனவே எடுத்துவிட்டது. பழைய பாகு கறுத்து, மசித்துளி போன்ற ஒரு மந்தச் சுவையைத் தரும். செக் நாட்டுப் பில்ஸ்னரின் வெளிறிய பொன்னிறத்தைப் பாகில் கொண்டுவருவது கடினம். பணக் கணக்கிலும் தானியமே மலிவு.

சிறிய பாத்திரத்துக்கும் எல்லை உண்டு. கசப்பை அளக்கும் அலகில், பாத்திரத்தில் ஏறத்தாழ 100-க்கு மேல் கரைவது அரிது. 8 லிட்டரை 19 ஆக்கும்போது அது 42 ஆகிவிடும். அதற்கு மேல் கசப்பு வேண்டுவோர் பெரிய பாத்திரத்தைத்தான் தேட வேண்டும். இதை மறுத்துப் பேசுவதில் பொருளில்லை.

எங்கள் வாதம் பாகு தானியத்தைவிடச் சிறந்தது என்பதன்று. ஓர் ஊடகத்தின் எல்லையைச் சுட்டிக்காட்டுவது விமர்சனம். அந்த ஊடகத்தில் இயங்குபவரைத் தயாரிப்பாளரே அல்ல என்பது விமர்சனம் அன்று; அது வாசலில் நிற்கும் காவலரின் வேலை. அந்த விருந்தினர், "நிறம் கொஞ்சம் கூடிவிட்டது, பாகைக் கடைசியில் சேர்த்துப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் நன்றியுடன் குறித்துக்கொண்டிருப்போம். அவர் நாக்கு பீரைத் தீர்ப்பளித்து முடித்திருந்தது. அந்தத் தீர்ப்பை அவரே நம்ப மறுத்ததுதான் எங்களுக்கு வருத்தம்.

*

தமிழில் இதை எழுதும்போது வேறொரு தயக்கமும் வந்து குறுக்கே நிற்கிறது. 'ஊறல்' என்ற சொல்லை எழுதினாலே காவல்துறைச் செய்தி நினைவுக்கு வருகிறது. 'காய்ச்சுதல்' என்றால் சாராயம். பீருக்கான வோர்ட்டைக் கொதிக்கவைப்பதையும் சாராயத்தை ஆவியாக்கி வடிப்பதையும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறோம். இரண்டும் வேறு வேறு செயல்கள். பீர் தயாரிப்பில் ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பது இல்லை. தானியத்தைப் புளிக்கவைப்பதில் தீங்கு விளைவிக்கும் அளவுக்கு மெத்தனால் உருவாவதும் இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். அந்த ஊரின் துயரத்துக்கு முன்னால் பீரின் நிறத்தைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றக்கூடும் என்பதை நாங்கள் அறிவோம். தமிழ்நாட்டில் உரிமமின்றி எந்த மதுவைத் தயாரிப்பதும் குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரை யாரையும் குடிக்கவோ தயாரிக்கவோ அழைக்கவில்லை.

ஆனால் ஒரு கைத்தொழிலைப் பற்றிய சொற்கள் ஒரு மொழியில் எப்படிக் குற்றத்தின் சொற்களாக மட்டும் மிஞ்சின என்பது இலக்கிய வாசகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். பெரும்பாணாற்றுப்படையில், அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பாத்திரத்தில் ஆற்றி, அடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறை வரிசை பிசகாமல் சொல்லப்பட்டிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுபோலவே இருக்கிறது. ஆறவைத்தல், கலத்தல், காத்திருத்தல் ஆகிய மூன்றையும் நாங்கள் மூன்றாம் மாடிச் சமையலறையில் செய்து பார்த்தபின் அப்பகுதியை மறுபடி படித்தோம். முன்பு அருஞ்சொற்களாக இருந்தவை இப்போது வேலைகளாகத் தெரிந்தன.

*

நம்மில் பலர் டால்ஸ்டாயையும் செகாவையும் எந்த வழியாகப் படித்தோம்? ரஷ்ய மொழியிலிருந்து நேராக வந்தவை சில. ஆங்கிலத்தின் வழியாக வந்தவை பல. யாரோ ஒருவர் எங்கோ ஒரு மொழியில் ஊறவைத்து வடித்துக் கெட்டியாக்கியதை, இன்னொருவர் தமிழ்த் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தார். அதில் இழப்பு இருந்தது. நிறம் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்து அழுதவர்களின் கண்ணீர் இரண்டாம் தரமானதா? மூலமொழி அறிந்தவர்கள் பிழையைச் சுட்டட்டும், நல்லது. இது வாசிப்பே இல்லை என்று சொன்னால், தமிழ்ச் சிற்றிதழ்களின் பாதி வரலாற்றை நாம் கிழித்தெறிய வேண்டியிருக்கும். அந்த இதழ்களே சிறிய பாத்திரங்கள்தாமே. முந்நூறு படிகள், ஒரு கடன்பட்ட ஆசிரியர், அஞ்சல் தலை ஒட்ட இரண்டு நண்பர்கள். அடர்த்தியாகக் காய்ச்சினார்கள், பின்னால் வந்தவர்கள் தண்ணீர் சேர்த்துப் பலருக்கும் பரிமாறினார்கள்.

சுத்தவாதம் தரத்தைக் காக்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. தரத்தைக் காப்பது கவனம். கொதியில் எது ஏன் நிகழ்கிறது என்று தெரிந்துகொள்ளும் கவனம், முதல் தவறை இரண்டாம் முறை செய்யாத கவனம். அது 8 லிட்டரிலும் நிகழும், 800 லிட்டரிலும் நிகழாமல் போகும். பெரிய பாத்திரம் உள்ளவர் அதைத் தம் கவனத்துக்குச் சான்றாகக் காட்டத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

அந்த மாலைக்குப் பிறகு எங்கள் கூச்ச சுபாவ நண்பர் பீர் தயாரிப்பதை விட்டுவிட்டார். காரணம் கேட்டால் வேலை அதிகம் என்றார். 12 லிட்டர் பாத்திரம் மறுபடி சாம்பாருக்குத் திரும்பியது. மாதக் கூட்டத்தின் சமையல் எங்கள் வீடுகளுக்கிடையே சுற்றிவர, பாத்திரமும் கூடவே சுற்றியது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கவிதை திரும்பி வந்ததும் எழுதுவதை நிறுத்திக்கொண்ட நண்பர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களிடமும் நாம் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

இதன் முதல் படியை அவரிடம் படிக்கக் கொடுத்தோம். ஹாப்ஸ் கணக்கில் இருந்த ஒரு பிழையைத் திருத்தித் திருப்பித் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாத்திரம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். குளிர்பெட்டியில் 11 லிட்டர் தண்ணீருக்கு இடம் ஒதுக்கிவிட்டாராம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த விருந்தினரையும் அழைத்திருக்கிறோம்.